வெந்நீரில் தோற்ற நூல்!

1930, ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் நகரத்தில் இருக்கிறது 'டூபான்ட்' கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். ஜூலியன் ஹில் என்கிற இளம் விஞ்ஞானி, இளகிக் கிடந்த பிசின் ஒன்றில் கண்ணாடிக் குச்சியை விட்டு மெள்ளத் தூக்குகிறார். ஜவ்வுமிட்டாய் மாதிரி கூடவே ஒரு நூலும் நீண்டு வருகிறது. ஆறிய பிறகு இழுத்துப் பார்த்தால்... அறுந்துபோகவில்லை! இழுக்க இழுக்க நீள்கிறது. பட்டுபோலப் பளபளக்கிறது. முன்பைவிட வலுவாகவும் ஆகிவிடுகிறது! அப்புறமென்ன? ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடியே பார்த்துவிட்டார்களாம். குழுவின் தலைவர் வாலஸ் கரோதர்ஸ் அப்போது அங்கே இல்லை என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி.

அந்த நூலின் பெயர் பாலியெஸ்டர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அமில மூலக்கூறு ஒன்று, ஆல்கஹால் மூலக்கூறு ஒன்று. இரண்டும் கைகோத்தால் 'எஸ்டர்'. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரயில் விளையாடுகிற மாதிரி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போனால் பாலியெஸ்டர். அவ்வளவுதான்!

ஆனால், கரோதர்ஸின் நூலுக்கு ஒரு பெரிய வியாதி இருந்தது. வெந்நீர் பட்டால் இளகிவிடும்! சட்டை தைத்துப் போட்டுக்கொள்ளலாம். சலவைக்குப் போட்டால் திரும்பி வருவது சட்டையாக இருக்காது. அவர் கோத்த மூலக்கூறுகள் கயிறு மாதிரித் துவண்டவை. கொஞ்சம் சூடு கிடைத்தாலே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓட ஆரம்பித்துவிடும்.

எனவே, பாலியெஸ்டரை ஓரங்கட்டிவிட்டு கரோதர்ஸ் வேறு பக்கம் போனார். 1935-ல் நைலான் பிறந்தது. கோடி கோடியாகக் கொட்டப்போகிற கண்டுபிடிப்பு! ஆனால், நீண்டகாலமாக மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்த அந்த மேதைக்கு, தான் எதையுமே சாதிக்கவில்லை என்கிற எண்ணம் போகவே இல்லை. 1937 ஏப்ரலில், 41-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய மகள் பிறந்தது அதே வருடம் நவம்பரில். நைலான் காலுறைக்காக அமெரிக்கப் பெண்கள் கடை வாசலில் முண்டியடித்த காட்சியை அவர் பார்க்கவே இல்லை.

கரோதர்ஸ் விட்ட இடத்தில் தொட்டவர், இங்கிலாந்துக்காரரான ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட். துணியில் அச்சடிக்கும் 'காலிகோ பிரின்டர்ஸ்' என்கிற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கரோதர்ஸின் கட்டுரைகளை வரிவிடாமல் படித்தவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். 'கயிறு துவள்கிறதா? நடுநடுவே ஒரு பலகையைச் செருகினால் என்ன?' அவர் தேர்ந்தெடுத்த பலகை, ஆறு கார்பன் அணுக்கள் அறுகோணமாக இறுகி நிற்கும் பென்சீன் வளையம். 1941-ல் ஜேம்ஸ் டிக்ஸன் என்பவரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். இந்த நூல் உருகுவதற்கு ஏறக்குறைய 260 டிகிரி செல்ஷியஸ் வேண்டும். வெந்நீராவது, ஒன்றாவது!

அதுதான் டெரிலின். உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். கசங்காத மொடமொடப்போடு மாமாக்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சட்டைக்குப் பின்னால் இருப்பது இந்த வளையம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், தன் வீட்டு வராந்தாவில் ஓடிய நூலின் அமெரிக்க உரிமையை டூபான்ட் பிற்பாடு காசு கொடுத்து வாங்க வேண்டிவந்தது! இன்றைக்குத் தண்ணீர் பாட்டிலாக நம் கையில் இருக்கும் 'பெட்' பிளாஸ்டிக்கும் அதே சரக்குதான்.

சரி, இந்த வளையம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து. பிறகென்ன, பாலியெஸ்டர் நிரந்தரமாக எண்ணெய்க் கிணற்றோடு கட்டிப்போடப்பட்டது.

செடிகொடிகளிடம் பாலியெஸ்டருக்குச் சரக்கே இல்லையா? ஏன் இல்லை! 1780-லேயே ஷீலே என்கிற ஸ்வீடன் விஞ்ஞானி புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். சர்க்கரையை நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுத்தாலே இந்த அமிலம் கிடைத்துவிடும். அமிலம், ஆல்கஹால் இரண்டின் குணமும் ஒரே மூலக்கூறில் இருப்பதால், தன்னோடு தானே கைகோத்துக்கொள்ளும் அதிசயப் பிறவி இது. 1932-ல் கரோதர்ஸ் குழு இதையும் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. எழுபது வருடம் கழித்து, 2002-ல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து 'பிஎல்ஏ' என்கிற இந்தப் பிளாஸ்டிக்கைச் செய்யும் பெரிய ஆலையே வந்தது.

வந்தும் தீரவில்லை தலைவலி! பிஎல்ஏ விறைப்பானது, கண்ணாடி மாதிரித் தெளிவானது. ஆனால் சட்டென்று உடையும். 60 டிகிரியை நெருங்கினாலே தொய்ந்துபோகும். சூடான காபியை ஊற்றினால் டம்ளர் தலைகுனிந்துவிடும்!

இட்லிக்கு ஊறப்போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் சுலபமாகப் புரியும். உளுந்து கூடினால் இட்லி தட்டையாகிவிடும். குறைந்தால் கல். இங்கேயும் அதே கதைதான். வளைவதற்காக எதையாவது கலந்தால் வலு குறைகிறது. சூடு தாங்கச் செய்தால் நொறுங்குகிறது. 1987-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் ஒரு அழகான வித்தை செய்தார்கள். லாக்டிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. இரண்டிலும் தனித்தனியாகச் சங்கிலி செய்து கலந்தார்கள். கும்பிடும் கைகள் போல அவை ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி, உருகும் சூடு சுமார் 50 டிகிரி எகிறியது! ஆனால், நொறுங்கும் குணம் அதோடு போய்விடவில்லை.

2010-ல் நடந்த கூத்து இன்னும் பிரமாதம். அமெரிக்காவில் 'சன்சிப்ஸ்' நொறுக்குத்தீனிக்கு பிஎல்ஏ-வில் மக்கும் பை தயாரித்தார்கள். பை மக்குவதெல்லாம் சரிதான். கையை உள்ளே விட்டால் காதைப் பிளக்கும் சத்தம்! பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று ஜனங்கள் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள். அறைச் சூட்டிலும் அந்தப் பிளாஸ்டிக் விறைப்பாகவே இருந்ததுதான் காரணம். அந்த வருடமே பெரும்பாலான பைகளை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த வருடம், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ரப்பர் போன்ற பசையைத் தடவிச் சத்தத்தைக் குறைத்த பை வந்தது. மூலக்கூறை மாற்றவில்லை, நடுவில் ஒரு மெத்தை... அவ்வளவுதான்! எனக்கென்னவோ பெரிய பெரிய ஆராய்ச்சிகளைவிட இந்தப் பசை யோசனைதான் பிடித்திருக்கிறது.

இருந்தாலும், வின்ஃபீல்டின் பலகையைச் செடியிடமே கேட்டு வாங்க முடிந்தால்? பழச்சர்க்கரையிலிருந்து நான்கு கார்பனும் ஒரு ஆக்ஸிஜனும் சேர்ந்த 'ஃப்யூரான்' என்கிற வளையத்தை எடுக்கலாம். அந்த வளையம் கொண்ட அமிலம் 1876-லேயே தெரிந்ததுதான். டெரிலின் வந்து ஐந்தே வருடத்தில் பிரிட்டிஷ் செலனீஸ் நிறுவனம் அதிலிருந்து பாலியெஸ்டர் செய்து காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டது. பெட்ரோலியம் மலிவாகக் கொட்டிய காலம். யார் சீந்துவார்கள்?

இத்தனைக்கும் இந்த 'பிஇஎஃப்' பிளாஸ்டிக், பெட்-டைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் இளக ஆரம்பிக்கும். சோடா பாட்டிலிலிருந்து வாயு கசிவதையும் பல மடங்கு நன்றாகத் தடுக்கும்.

நெதர்லாந்தில் டெல்ஃப்ஸைல் என்கிற துறைமுக ஊரில், இந்த அமிலத்தைச் செய்யும் அவான்டியம் நிறுவனத்தின் ஆலையை 2024 அக்டோபரில் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு அந்த நாட்டு ராணி மாக்சிமாவே வந்திருந்தார். வருடத்துக்கு 5,000 டன் செய்வதற்காகக் கட்டப்பட்ட ஆலை அது. பெட்ரோலியத்திலிருந்து உலகம் செய்துகொண்டிருக்கும் பெட்-டோ வருடத்துக்குப் பல கோடி டன்.