அகமதாபாத் தறிக்கூடச் சோதனை

அகமதாபாத் தறிக்கூடச் சோதனை என்பது, குஜராத்தின் அகமதாபாத் நகரில் இயங்கிய காலிகோ ஆலையின் நெசவுப் பிரிவில் 1953ஆம் ஆண்டு தொடங்கிய வேலை மறுசீரமைப்பைக் குறிக்கும். லண்டனிலுள்ள டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் இதற்கு ஆலோசகர். அவர் 1958இல் வெளியிட்ட நூல் வழியாக இச்சோதனை உலகெங்கும் தெரியவந்தது. இந்திய ஆலையொன்றில் நடந்து, குழுப்பணி பற்றிய பாடநூல்களில் நிலையான இடம்பிடித்த ஆய்வுகள் மிகச் சிலவே. அவற்றில் இது முதன்மையானது.

பின்னணி

காலிகோ, சாராபாய் குடும்பத்தின் ஆலை. தொழிலாளர் உறவைப் பொறுத்தவரை அகமதாபாத் ஏற்கெனவே தனி வரலாறு கொண்ட ஊர். 1918இல் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் உரிமையாளர்கள் தரப்பில் அம்பாலால் சாராபாய் நின்றார். தொழிலாளர்கள் பக்கம் காந்தியுடன் நின்றவர் அம்பாலாலின் அக்கா அனசூயா. 1920இல் தோன்றிய மஜூர் மகாஜன் சங்கம், தகராறுகளைப் பேச்சுவார்த்தையிலும் நடுவர் தீர்ப்பிலும் முடிக்கும் பழக்கத்தை ஊன்றியது. 1953இல் ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அம்பாலாலின் மகன் கௌதம் சாராபாய்.

1952இல் காலிகோவில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. சாதாரண விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி, அந்த நூல் சுற்றிய தாரை மாற்ற வேண்டும். தானியங்கித் தறியோ, தன் பக்கவாட்டில் உள்ள கூட்டிலிருந்து புதிய தாரைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே இதன் ஆதாயம். வேலை அளவீட்டு நிபுணர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு ஆட்களைப் பகிர்ந்தனர். அப்படியும் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பழுதுத் துணியும் குறையவில்லை.

எட்டில் ஐந்து ஆள்

ரைஸ் ஆராய்ந்த கூடத்தில் 224 தறிகள், 29 பேர், 12 வகை வேலைகள் இருந்தன. நெசவாளர் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் 24 அல்லது 32 தறிகள். கூட்டில் தார் அடுக்க ஐந்து பேர். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மொத்தமாக அறுந்து சிக்கினால் சரிசெய்ய மூன்று பேர். தீர்ந்த பாவு உருளையை இறக்கிப் புதியதை ஏற்ற இருவர். துணி சுமக்க இருவர், தறியைப் பழுதுபார்க்கும் ஜாபர் இருவர், துணை ஜாபர் இருவர். இவர்களுக்குப் பிறகு தார் கொண்டுவருபவர், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர், ஈரப்பதக் கருவியைக் கவனிப்பவர் முதலானோருக்குத் தலைக்கொரு வேலை.

எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை நெசவாளரின் இடத்திலிருந்து பார்த்தார் ரைஸ். எட்டு நெசவாளருக்கு ஐந்து தார் அடுக்குபவர்கள் என்றால், ஒரு நெசவாளருக்குக் கிடைப்பது எட்டில் ஐந்து ஆள். பாவுச் சிக்கல் எடுப்பவரில் எட்டில் மூன்று, உருளை ஏற்றுபவரில் கால், தார் கொண்டுவருபவரில் எட்டில் ஒன்று. தறி நின்றதும் நெசவாளர் கூப்பிடுகிறார். வர வேண்டியவர் வேறு நெசவாளரின் தறியில் குனிந்திருக்கிறார். யாரும் சோம்பேறி இல்லை, ஆனால் தறி நிற்கிறது. இன்னாருக்கு இன்னார் துணை என்ற நிலையே இல்லை. நெசவு ரகமும் நூலின் நயமும் மாறும்போதெல்லாம் வேலைச் சுமை ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தது. 29 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்; குழுவாக இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஊக்க உரையோ பரிசுத்தொகையோ எதைச் சாதித்திருக்கும்?

மறுசீரமைப்பு

ரைஸ் வைத்த யோசனை எளிமையானது: குறிப்பிட்ட தறிகளுக்குக் குறிப்பிட்ட ஒரு குழு. 64 தறிகளை ஏழு பேர் பொறுப்பேற்பது என்பது மாதிரி. மேற்பார்வையாளர்களுடன் பேசும்போது எழுந்த இந்த யோசனை தொழிலாளர்களிடம் பரவியதும், அவர்களே யார் யாருடன் சேர்வது என்று பேசி முடித்துப் பெயர்ப்பட்டியலுடன் வந்தார்கள். மேலிடம் ஆள் பொறுக்கவில்லை. குழுவுக்குள்ளேயே ஒருவர் தலைவரானார். பல வகையாகச் சிதறிக் கிடந்த ஊதிய விகிதங்களும் சில படிநிலைகளுக்குள் கொண்டுவரப்பட்டன. மேற்பார்வையாளரின் வேலையும் இதனால் மாறியது. தனியாட்களை விரட்டுவதை விட்டு, குழுவுக்குத் தேவையான நூலும் உதிரிப் பாகமும் தட்டாமல் கிடைக்கச் செய்வது அவர் பொறுப்பானது.

தொடக்கம் சீராக அமையவில்லை. உற்சாகத்தில் எல்லாரும் ஓடி ஓடித் தறியை ஓட்டினார்கள். உற்பத்தி ஏறியது, கூடவே பழுதும் ஏறியது, தறிகளைத் துடைத்துப் பராமரிக்க நேரமில்லாமல் போனது. இதைக் கண்டு திட்டத்தைக் கைவிட்டிருந்தால் சோதனை அத்தோடு முடிந்திருக்கும். நிர்வாகம் பொறுத்தது, பராமரிப்புக்கு இடம் கொடுத்தது. அதன்பின் தறிகளின் திறன் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்து நிலைபெற்றது. பழுதுத் துணி சுமார் 32 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியது. மூன்றாம் ஷிப்டு சேர்த்தபோது சரிவு ஏற்பட்டு, பிறகு மீண்டது. குழு முறை, தானியங்கி அல்லாத தறிகள் இருந்த கூடத்துக்கும் விரிந்தது.

கருத்துப் பின்புலம்

அமெரிக்காவின் ஹாத்தார்ன் ஆலை ஆய்வுகள் (1924–1932) தொழிலாளியின் மனநிலைக்கு முக்கியத்துவம் தந்தன. டாவிஸ்டாக் ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தனர். எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் வெளியிட்ட பிரிட்டன் நிலக்கரிச் சுரங்க ஆய்வு, புதிய எந்திர முறை பழைய சிறு குழுக்களைச் சிதைத்ததைக் காட்டியது. எந்திர ஏற்பாட்டையும் மனித ஏற்பாட்டையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும் என்ற அவர்களின் கொள்கை தறிக்கூடத்தில் சோதிக்கப்பட்டது. சுவீடனில் வால்வோ நிறுவனம் 1974இல் கால்மர் நகரில் திறந்த கார் ஆலையும் இதே மரபைச் சேர்ந்தது.

மதிப்பீடு

குழுவும் ஊதிய ஏற்பாடும் ஒரே நேரத்தில் மாறின. ஆகவே உயர்வில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது நியாயமான குறை. டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970இல் திரும்பவும் ஆராய்ந்தபோது, ஒரு கூடத்தில் குழு முறை ஏறக்குறைய அப்படியே நீடித்தது. முதல் சோதனை நடந்த தானியங்கிக் கூடத்தில் அது பெரிதும் தேய்ந்திருந்தது. சந்தையின் நெருக்கடி கூடும்போது குழுவின் உள்விவகாரத்தில் மேலிருந்து கை வைப்பது எந்த ஆலையிலும் எளிதில் நடக்கும். பாடநூல்கள் பெரும்பாலும் 95 விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. பழுது ஏறிய தொடக்க நாள்களையும் மில்லரின் ஆய்வையும் சேர்த்துப் படித்தால்தான் இச்சோதனை முழுதாக விளங்கும்.