டிராக்டருக்குள்ள ஒரு கிணத்து மோட்டார் - வாட்டர் பம்ப் வரலாறு

வல்லம்னு சொன்ன உடனே தஞ்சாவூர் வல்லமா, செங்கல்பட்டு வல்லமான்னு கேப்பீங்க. ரெண்டும் இல்லைங்க. நான் சொல்றது விழுப்புரம் மாவட்டத்து வல்லம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதி. நெல்லு, கரும்பு, மல்லாட்டை (உங்க ஊர்ல நிலக்கடலை), அப்புறம் பாறையும் வெயிலும். இவ்ளோதான் எங்க பக்கம்.

பொட்டி தட்டுறவனுக்கு டிராக்டர் ரேடியேட்டர்ல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் இன்னமும் முப்பது நாப்பது வருஷத்து வண்டிகள் உழவு ஓட்டிக்கிட்டு இருக்கு. அந்த வண்டி நிக்கிற ஒர்க்‌ஷாப்புல ஒரு கேள்வி அடிக்கடி காதுல விழும். "பம்ப்புக்கு கிட்டு போட்டுடலாமா, இல்ல பம்ப்பையே மாத்திடலாமா?" சாதாரண கேள்விதான். ஆனா இப்படி ஒரு கேள்வியைக் கேக்க முடியறதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக் கதை இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

பம்ப்பே இல்லாத காலம்

என்ஜின்ல எரியற எண்ணெயோட சூட்டுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, சக்கரத்தைச் சுத்தவும் போகாது, புகையாவும் போகாது. சிலிண்டர் சுவத்துலயே தங்கிடும். அதை வெளியேத்தலைன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் சிலிண்டரைச் சுத்தி தண்ணி, முன்னாடி ரேடியேட்டர்.

தண்ணியைச் சுத்த விடறதுக்கு ஆரம்பத்துல பம்ப்பு தேவைப்படலை. சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், ஆறின தண்ணி கனமாகிக் கீழ இறங்கும். இந்த ஒரு விதியை வெச்சே வண்டி ஓட்டினாங்க. இதுக்குப் பேர் தெர்மோசைஃபன். 1908-ல வந்த ஃபோர்டு மாடல் டி காரோட கதை ரொம்ப வேடிக்கை. முதல் 2,500 கார்ல பம்ப்பு இருந்துச்சு. அப்புறம் ஃபோர்டு அதைத் தூக்கிட்டு தெர்மோசைஃபனுக்குப் போயிட்டார். ஒரு பாகம் குறைஞ்சா விலை குறையும், கெட்டுப்போறதுக்கும் ஒண்ணு குறையும்! 1917-ல உற்பத்திக்கு வந்த ஃபோர்டுசன் டிராக்டரும் அதே வழிதான். அமெரிக்க விவசாயிகளோட செல்லப்பிள்ளையான ஜான் டீர் 'ஏ', 'பி' மாடல்கள் 1930-கள்ல தெர்மோசைஃபனோடதான் வந்துச்சு. 1952-ல அந்த இடத்துக்கு வந்த 60, 50 மாடல்கள்லதான் பம்ப்பு வெச்சாங்க.

பம்ப்பு இல்லைன்னா நல்லதுதானே, ஏன் வெச்சாங்க? தெர்மோசைஃபன்ல தண்ணி மெதுவாத்தான் நகரும். அதனால ரேடியேட்டர் பெருசா, உயரமா இருக்கணும். குழாய் தடிமனா இருக்கணும். தண்ணி மட்டம் மேல் குழாய்க்குக் கீழ இறங்கிட்டா சுத்தோட்டமே நின்னுடும். குதிரைத்திறன் ஏற ஏற, வண்டி சின்னதாக ஆக, இது கட்டுப்படி ஆகலை. அதனால பெல்ட்டுல ஒரு சின்ன சென்ட்ரிஃபியூகல் பம்ப்பை மாட்டி, தண்ணியைப் பிடிச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க. நம்ம கிணத்து மோட்டார் பம்ப்புல இருக்கற அதே இம்பெல்லர்தான், உள்ளங்கை அளவுல. கிணத்து மோட்டார் தண்ணியை மேல ஏத்துது, இது ஒரே தண்ணியைத் திரும்பத் திரும்ப சுத்த விடுது. அவ்ளோதான் வித்தியாசம்.

டிராக்டர் வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊருக்கு இந்த விஷயமெல்லாம் பழக்கம்தான். கவலை இறைச்ச கிணத்துல ஆயில் என்ஜின் வந்தப்போ, என்ஜினைக் குளிர வைக்கத் தனி ஏற்பாடு எதுவும் பண்ணலை. இறைக்கிற தண்ணியிலேர்ந்தே ஒரு சின்னக் குழாயைப் பிரிச்சு என்ஜினுக்குள்ள விட்டாங்க. மறுபக்கம் வெந்நீரா வெளிய வரும். காலையில அதுல குளிச்சவங்க இந்தப் பதிவைப் படிச்சா கை தூக்குங்க :-)

சென்னைப் பக்கத்துக் கதை

இப்போ இந்தியாவுக்கு வருவோம். 1947-ல மத்திய அரசு மத்திய டிராக்டர் நிறுவனம்னு ஒண்ணை ஆரம்பிச்சு, போர் முடிஞ்சு மிச்சமாகிப்போன அமெரிக்க ராணுவ டிராக்டர்களை வெச்சு களைக்காடு அழிச்சது. 1951 கணக்குப்படி நாடு முழுக்க இருந்ததே சுமார் 8,600 டிராக்டர்தான். எல்லாமே இறக்குமதி. வண்டி கப்பல்ல வரும், பாகமும் கப்பல்லதான் வரணும். ஒரு பம்ப்பு சீல் போச்சுன்னா அடுத்த கப்பல் வரைக்கும் வண்டி கொட்டகையிலதான். இந்த நிலைமையிலதான் இருக்கறதை வெச்சு சமாளிக்கற நம்ம ஊர் மெக்கானிக் பரம்பரை உருவாச்சுன்னு நான் நினைக்கறேன். இது என் யூகம்தான்.

1959-ல ஃபரீதாபாத்ல ஐஷர் கம்பெனி இந்தியாவுலயே செஞ்ச முதல் டிராக்டரை வெளிய விட்டுச்சு. ஜெர்மன் ஐஷரோட தொழில்நுட்பம். அதுல ஒரு விசேஷம், என்ஜின் காத்துல குளிர்றது. ரேடியேட்டர் இல்லை, வாட்டர் பம்ப்பும் இல்லை! பம்ப்பு ரிப்பேர்ங்கற பிரச்சினையையே வேரோட புடுங்கிட்டாங்க.

ஆனா எங்க பக்கத்து வயலை நிறைச்சது அது இல்லை, சிவப்புக் கலர் மாசி பெர்குசன். அது எப்படி வந்துச்சுங்கறதுதான் சுவாரசியம். சென்னையில 1840-லேர்ந்து சிம்சன் கம்பெனி இருக்கு. குதிரை வண்டி கட்டித் தொடங்கினவங்க. அனந்தராமகிருஷ்ணன் காலத்துல, 1950-கள்ல, பிரிட்டன் பெர்கின்ஸ் கம்பெனியோட சேர்ந்து டீசல் என்ஜின் செய்ய ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கம் 1959-ல பெர்கின்ஸ் கம்பெனியை மாசி பெர்குசனே வாங்கிடுச்சு. அப்போ கூட்டிக் கழிச்சுப் பாருங்க: என்ஜின் சென்னையில தயாராகுது, அந்த என்ஜினோட முதலாளி ஒரு டிராக்டர் கம்பெனி. 1960-ல அதே குழுமத்துல டாஃபே பிறந்துச்சு. செம்பியத்துல தயாரான மாசி 1035, மூணு சிலிண்டர் வண்டி, வெளிய வந்துச்சு. 1961-62-ல இந்தியாவோட மொத்த டிராக்டர் உற்பத்தியே 880-தான்.

இதுல எங்க ஊருக்குக் கிடைச்ச லாபம் என்னன்னா, பாகம் கப்பல்லேர்ந்து பஸ்ஸுக்கு இறங்கிடுச்சு. திண்டிவனத்துல பஸ் ஏறினா சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்கு ஒரே நாள்ல போயிட்டுத் திரும்பிடலாம். அதைவிட முக்கியம், 1035-ங்கற அந்த நம்பர் பல பத்தாண்டுக்குத் தொடர்ந்துச்சு. வருஷா வருஷம் மாடலை மாத்தியிருந்தா பழைய வண்டிக்குப் பம்ப்பு எவன் செய்வான்? மாத்தாம இருந்ததாலதான் பாகமும் கிடைச்சுது, கை பழகின மெக்கானிக்கும் கிடைச்சார்.

(கொசுறு: பம்ப்பே வேண்டாம்னு தொடங்கின ஐஷர் டிராக்டர் பிரிவை 2005-ல டாஃபேயே வாங்கிடுச்சு.)

அழற ஓட்டை

பம்ப்புல கெட்டுப்போறது பெரும்பாலும் ரெண்டு விஷயம், சீலும் பேரிங்கும். ரொம்பப் பழைய பம்ப்புகள்ல சீல்னு தனியா கிடையாது. ஷாப்டைச் சுத்தி கிராஃபைட் தடவின கயிறை அடைச்சு நட்டைப் போட்டு இறுக்குவாங்க. தண்ணி கசிஞ்சா இன்னும் கொஞ்சம் இறுக்கு, கிரீஸ் கப்பை ஒரு சுத்து சுத்து. டிரைவரே செய்யற வேலை. ஆனா இறுக்க இறுக்க ஷாப்டுல பள்ளம் விழும்.

அப்புறம் வந்தது ஸ்பிரிங் வெச்ச கார்பன் சீல். வழவழப்பான ஒரு முகத்து மேல கார்பன் வளையம் அழுந்தி உரசிக்கிட்டே சுத்தும். நடுவுல நிக்கற மெல்லிய தண்ணிப் படலம்தான் அதைக் காப்பாத்துது. அதனால 'சும்மா ஒரு நிமிஷம்' தண்ணி இல்லாம ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறது புது சீலுக்குக் கொள்ளி வைக்கற வேலை.

சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல, பம்ப்போட அடியில, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இங்கிலீஷ்ல அதுக்கு அழற ஓட்டைன்னே பேரு. சீல் தேய ஆரம்பிச்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம இது வழியா வெளிய சொட்டும். முழுசாப் போறதுக்கு முன்னாடி அந்தப் பம்ப்பு கொடுக்கற நோட்டீஸ் அது. எங்க பக்கம் சில பேர் அதுல எம்-சீல் வெச்சு அடைச்சுடுவாங்க. சொட்டு நின்னுடும், ஓனரும் சந்தோஷமாப் போயிடுவார். அப்புறம் தண்ணி பேரிங்குக்குள்ள போகும், துரு பிடிக்கும், ஷாப்ட் ஆடும், ஒருநாள் ஃபேனே போய் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

அந்த ஒருநாள் எப்ப வரும்னு நினைக்கறீங்க? சேடை ஓட்டறப்பதான். கேஜ் வீல் மாட்டி, சேத்துல முக்கி முக்கிப் போற வண்டிக்கு என்ஜின் முழு பாரம், எதிர்க்காத்து கிடையாது, ரேடியேட்டர் முன்னாடி வைக்கோல் தூசி வேற. ஏரித் தண்ணி இருக்கற நாலு நாளுக்குள்ள நடவு முடியணும். வாடகை வண்டியை நம்பி இருபது பேர் காத்திருப்பாங்க. சூடு ஏறி ஹெட்டு வளைஞ்சா வண்டிக்காரருக்கு என்ஜின் செலவு, காத்திருந்தவங்களுக்கு நாத்து முத்திப்போற நஷ்டம். சின்ன சீல்தான், ஆனா அடி விழறது ஊருக்கே.

கிட்டா, பம்ப்பா?

பழைய மாடல் பம்ப்புகள்ல ஷாப்ட் தனி, ரெண்டு பேரிங் தனி, சீல் தனி, இம்பெல்லர் தனி. புல்லர் போட்டு உருவி, தேய்ஞ்சதை மட்டும் மாத்தலாம். பின்னாடி நிறைய வண்டிகள்ல ஷாப்டும் பேரிங்கும் ஒண்ணாவே வர ஆரம்பிச்சுது. பிரஸ் இல்லாம கழட்ட முடியாது. கழட்டற கூலியையும் நேரத்தையும் சேத்துப் பார்த்தா புதுப் பம்ப்பே மேல்னு ஆயிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, பக் ஃபிக்ஸ் பண்றதை விட ரீ-இன்ஸ்டால் பண்றது சுலபம்ங்கற கதை.

பெரிய மெக்கானிக்குங்க பாக்கற கணக்கு இதுதான். பாடியில விரிசல் இல்லை, சீல் உக்கார்ற இடம் அரிக்கலை, இம்பெல்லர் இறக்கை முழுசா இருக்குன்னா கிட்டு போதும். ஃபேனைப் பிடிச்சு ஆட்டினா ஷாப்ட் ஆடுது, இறக்கை உப்புத் தண்ணியில கரைஞ்சு போச்சுன்னா பம்ப்பு மாத்தணும். எதை மாத்தினாலும் போர் தண்ணியையே திரும்ப ஊத்தினா பிரயோசனம் இல்லை. பாத்திரத்துல படியற அதே வெள்ளைக் காறைதான் என்ஜினுக்குள்ளயும் படியும். கூலன்ட் ஊத்தணும். பெல்ட்டையும் வீணைக் கம்பி மாதிரி இறுக்கக் கூடாது, பேரிங்கை அதுவே தின்னுடும்.

புதுசு வாங்கறதை நான் தப்புன்னு சொல்லலை. ஆனா பழைய வண்டி நாப்பது வருஷம் ஓடுதுன்னா அது வெறும் இரும்போட பெருமை இல்லை. திறந்து பாக்கற மாதிரி ஒரு டிசைன், பக்கத்துலயே கிடைச்ச பாகம், திறக்கத் தெரிஞ்ச ஒரு கை, இந்த மூணும் சேர்ந்த கணக்கு. மூணுல எது போனாலும் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். இப்போதைக்குக் குறைஞ்சுக்கிட்டு வர்றது அந்தக் கைதான். கிட்டு போடத் தெரிஞ்சவர் உங்க ஊர்ல யாராவது இருந்தா, ஒருநாள் பக்கத்துல உக்காந்து பாத்து எழுதி வையுங்க மக்களே. அடுத்த தலைமுறைக்கு நாம விட்டுட்டுப் போற டாக்குமெண்டேஷன் அதுவாவது இருக்கட்டும்.

டிஸ்கி: சூடா இருக்கறப்போ ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அந்த ஆவிக்கு நீங்க ஓனரா மெக்கானிக்கான்னு தெரியாது.