வெளுக்காத சிவப்பு

ஏமாற்றுக்காரன் யாராவது மாட்டிக்கொண்டால், ‘அவன் சாயம் வெளுத்துப்போச்சு’ என்போம். சாயத்துக்கும் நம்பிக்கைக்கும் நம் ஊரில் அப்படியொரு சம்பந்தம்.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை சாயம் வெளுத்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பு ரோஜா எம்ப்ராய்டரி போட ஆசைப்பட்டாள். அவள் நினைத்த சிவப்பு எந்தக் கடையிலும் இல்லை. வெள்ளை நூல் வாங்கினாள். ஒரு பாக்கெட் சாயப்பொடியைக் கரைத்து, நூலைப் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டாள். நூல் ஜம்மென்று சிவந்தது. பதினைந்து ராத்திரி கண் விழித்துப் பின்னினாள். முதல் சலவையில் ரோஜா வெளிறிவிட்டது. உறை முழுக்க ரோஸ் கலர்!

அக்கா அழுதாள். நான் சிரித்தேன். முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது.

சிரித்திருக்கக் கூடாதுதான். பருத்தி நூலில் சிவப்பை நிற்க வைக்க ஐரோப்பாவே திண்டாடிய கதை அப்போது எனக்குத் தெரியாது.

நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்குமான உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. ஆகவே எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பட்டும் கம்பளியும் பிராணிகள் தருபவை. புரதம். சாயத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியில்லை. அது செல்லுலோஸ். பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் அதன்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்ததும் எழுந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர், படிகாரம். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இந்தத் தரகு வேலையில் கரை கண்டவர்கள் நம் சோழமண்டலக் கடற்கரைச் சாயக்காரர்கள்.

அவர்களுடைய சிவப்பு எங்கிருந்து வந்தது? இம்பூறல் என்று ஒரு சின்னச் செடி. மணற்பாங்கான நிலத்தில் வளரும். அதன் வேருக்குச் ‘சாயவேர்’ என்றே பெயர். சிப்பி ஓடு நொறுங்கிக் கிடக்கும் கடலோர மணலில் வளர்ந்த வேருக்கு மவுசு அதிகம். சுண்ணாம்புச் சத்து ஏற ஏறச் சிவப்பு கூடும். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர், ஆட்டுப்புழுக்கை, நல்ல வெயில்... இவ்வளவுதான் முதலீடு. எது முன்னால், எது பின்னால், எந்த ஊர்த் தண்ணீர், எத்தனை நாள் காய்ச்சல்? அதெல்லாம் கைப்பழக்கம். எந்த ஏட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது.

இந்தத் துணிகள் ஐரோப்பாவில் இறங்கியதும் அங்கே பைத்தியம் பிடித்தது. துவைத்தாலும் போகாத வண்ணமா? உள்ளூர் நெசவாளர்கள் கூப்பாடு போட, பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1701-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. தடை போட்டால் ஆசை அடங்குமா? ‘நாமே செய்தால் என்ன?’ என்று யோசித்தார்கள். அதற்கு ரகசியம் தெரிய வேண்டுமே!

1734 வாக்கில் பியூலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு காரியம் செய்தார். ஒரு கைவினைஞரைத் தன் கண் முன்னாலேயே சாயத்துணி செய்யச் சொன்னார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்து வந்தவர் ஒரு பாதிரியார். காஸ்தோன் லோரான் கேர்தூ. சாதாரண ஆள் இல்லை. சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸ் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது வருஷம் முன்பே எழுதியவர். அவர் 1742 ஜனவரியில் பிரான்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். பொருள்: இந்தியர்கள் துணிக்கு எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள்? யாரிடம் கேட்டார்? தானே ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரர்களிடம்! சும்மா கேட்கவில்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு, வெவ்வேறு நேரத்தில் விசாரித்து, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் தோற்றார்! கடுக்காயும் எருமைப்பாலும் சாயவேரும் அந்தக் கடிதத்தில் வரிசையாக ஆஜர். கடிதம் அச்சாகி, ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது.

அந்த ஒரு கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அது மிகை. வேறொரு வழியும் இருந்தது. துருக்கி ஆட்சியிலிருந்த கிரேக்க ஊர்களில் பருத்தி நூலுக்கு எண்ணெய், சாணம், படிகாரம், மஞ்சிட்டி வகை வேர் என்று மாற்றி மாற்றி ஏற்றிச் சிவப்பாக்குவார்கள். ‘துருக்கிச் சிவப்பு’ என்று பெயர். 1747-ல் கிரேக்கச் சாயக்காரர்களைப் பிரான்ஸுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். 1765-ல் பிரெஞ்சு அரசாங்கம் செய்முறையை வெளியிட்டது. 1785-ல் பாப்பியோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனார். துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பு நூலை நம்பித்தான், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு மட்டுமே வைத்துப் பின்னும் ‘ரெட்வொர்க்’ பிரபலமானது. எங்கள் அக்கா ஆசைப்பட்டதும் அதற்குத்தானே?

எம்ப்ராய்டரி போடுகிறவர்களுக்கு டி.எம்.சி. நூலைத் தெரிந்திருக்கும். அதன் பூர்வீகம் முலூஸ் நகரம். இன்று பிரான்ஸில் இருக்கிறது. அன்று தனிக் குடியரசு; பிரான்ஸின் தடை அங்கே செல்லாது. 1746-ல் அங்கே ஒரு பட்டறை தொடங்கியவர்களில் ஒருவர், ழான் ஆன்ரி டோல்ஃபுஸ். பட்டறையில் என்ன வேலை? இந்தியத் துணிகளைப் பார்த்து அதே மாதிரி அச்சடிப்பது! அந்தக் குடும்பத்தின் டோல்ஃபுஸ்-மீக் கம்பெனிதான் டி.எம்.சி. நூலுக்கு வந்ததெல்லாம் பிற்பாடு.

இனி வியாபாரம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறது. 1868-ல் கிரேபெ, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அலிசரின் என்ற சிவப்புப் பொருளை, தாரிலிருந்து கிடைக்கும் சரக்கைக் கொண்டு செய்து காட்டினார்கள். மஞ்சிட்டி வேரில் இருப்பது அதுதான். நம் சாயவேரில் இருப்பதும் அதுதான். 1869 ஜூன் 25-ஆம் தேதி ஜெர்மன் தரப்பு லண்டனில் காப்புரிமைக்கு மனு போட்டது. மறுநாள் பெர்க்கின் என்ற ஆங்கிலேயரும் மனு போட்டார். ஒரே நாள் வித்தியாசம்! அப்புறம் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம் வலிக்கும். சோழமண்டலச் சாயக்காரர் எந்த ஆபீஸில் போய் மனு போட்டிருப்பார்?

ஜெர்மன் பொடி சென்னைக்கும் கப்பலேறி வந்தது. வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, நாள் கணக்கில் காய்ச்சுகிறவர் அதோடு போட்டி போட முடியுமா? சாயவேர் மெல்ல மெல்லச் சந்தையிலிருந்து மறைந்தது. 1914-ல் உலகப் போர் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றது. சாயத்துக்குத் தட்டுப்பாடு, விலை எகிறியது. உலகத்துக்கே சிவப்பைக் கற்றுக்கொடுத்த கரை, சிவப்புக்காக அடுத்தவன் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சரி, அக்காவின் ரோஜாவுக்கு வருவோம். அவள் கொதிக்கவைத்த பொடி, நூலோடு லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கிற ரகம். உப்புப் போட்டால் சாயம் போகாது என்று பலரும் நம்புகிறோம். உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளும், பூட்டாது. 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ரியாக்டிவ்’ சாயம்தான் தரகரே இல்லாமல் பருத்தியோடு நேரடியாகக் கைகோத்தது. அதில் குளிர்ந்த நீரில் வேலை செய்கிற ரகம் வீட்டுக்குத் தோது. நூலைச் சிட்டமாக்கி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். சோப்பு நீரில் அலசுங்கள். சாயமும் உப்பும் கரைத்த வாளியில் கொஞ்ச நேரம் ஊறட்டும். பிறகு சலவை சோடா. அதுதான் பூட்டு. ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கடைசியில் ஒருமுறை வெந்நீரில். கைக்கு உறை, பொடி பறக்காமல் மூக்குக்குத் துணி, சமையலுக்குப் பயன்படாத பாத்திரம். இது மூன்றும் கட்டாயம்.

முக்கியமாக, பின்னுவதற்கு முன்னால் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பதினைந்து ராத்திரி மிச்சம்!

ஒரு கணக்கு மட்டும் எனக்கு நேராகவில்லை. கடிதம் எழுதிய கேர்தூவின் பெயர் இருக்கிறது. துண்டு வெட்டிய பியூலியுவின் பெயர் இருக்கிறது. ஒரு நாள் பிந்திய பெர்க்கினின் பெயரும் இருக்கிறது. சாமியார் கேட்கிறாரே என்று நம்பி, கடுக்காய் முதல் கடைசி அலசல்வரை ஒளிக்காமல் சொன்னார்களே, அந்தச் சாயக்காரர்கள்? ஒருவர் பெயரும் அந்தக் கடிதத்தோடு சேர்ந்து நமக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் போட்ட சிவப்பு மட்டும், மியூசியங்களில் இருக்கிற துணிகளில் இன்னும் வெளுக்கவில்லை.