மஞ்சள் பக்கத்தில் ஒரு கால்பக்கம்: அச்சு வணிகக் கையேடும் திண்டுக்கல் சிறு வியாபாரியும்

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க உள்ளூர்க்காரர் யாரும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. நாகல்நகர்ப் பக்கம் போய்க் கேட்டால் பட்டறையைக் கைகாட்டுவார்கள். மலையிலிருந்து இறங்கும் வாழைக்கும் பலாவுக்கும் எலுமிச்சைக்கும் ‘சிறுமலை செட்’ என்ற பெயரே முகவரி. அப்படியிருந்தும் வணிகக் கையேட்டுக்கு விளம்பரம் சேர்ப்பவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவது நின்றுவிடவில்லை. “எல்லாரும் குடுத்துட்டாங்க அண்ணே, உங்க கடை பேரு மட்டும்தான் பாக்கி” என்று கேட்கும்போது முகதாட்சண்யத்துக்காகக் கால்பக்கம் எழுதிக்கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. அந்தப் பணம் வியாபாரமாகத் திரும்பி வருகிறதா? விடை காண, இந்தக் கையேடு முதலில் யாருக்காக அச்சானது என்பதைப் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவில் இதன் மூதாதை, சென்னை அசைலம் பிரஸ் வெளியிட்ட ஆண்டுக் கையேடு. ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பெயரைத் தாங்கிய அச்சகம் அது. நாள்காட்டியும் முகவரிப் பட்டியலும் ஒரே அட்டைக்குள் வந்தன. கொழும்பில் ஃபெர்குசன் கையேடு 1859இல் தொடங்கியது. கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனம் 1885 முதல் இந்தியா முழுமைக்குமான கையேட்டை வெளியிட்டது. கலெக்டர், நீதிபதி, தோட்டத்துரை, வங்கி, ஏற்றுமதிக் கம்பெனி என்று இவற்றின் பக்கங்கள் நிறைந்தன. ஊரும் தெருவும் தெரியாத ஒருவர், தொலைவில் இருக்கும் இன்னொருவருக்குக் கடிதமோ தந்தியோ அனுப்புவதற்காக உருவான நூல்கள் இவை.

திருச்சி–மதுரை ரயில்பாதை 1875இல் திறக்கப்பட்ட பிறகு திண்டுக்கல் புகையிலையும் தோலும் வெளியூர் போவது எளிதாயிற்று. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஸ்பென்சர் போன்ற நிறுவனத்துக்குக் கையேட்டில் இடம் தானாகவே கிடைத்தது. அதே ஊரில் சுருட்டு உருட்டியவர்களும், பேகம்பூர் தோல் ஷாப்புக்காரர்களும், ராவி ராவி மாங்காய்ப் பூட்டு செய்த ஆச்சாரிகளும் அதற்கு வெளியே இருந்தார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர்களைத் தேடி வந்தவர் தரகர் மூலமாக வந்தார்.

தமிழ்ச் சிறு வியாபாரி அச்சைப் பயன்படுத்திக்கொண்ட வழியே வேறு. பஞ்சாங்கத்தின் பின்னட்டை, பத்திரிகையின் ஓரக் கட்டம், வி.பி.பி.யில் வீட்டுக்கு வரும் மருந்தும் புத்தகமும் என்று அது வளர்ந்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன், தபால்வழி வியாபாரத்திலும் விளம்பரத் தொழிலிலும் பழகியவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பின்னால் சிவகாசியின் தினசரி காலண்டர் வந்தது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தை மாதத்துக்குள் கொடுத்துவிடும் அந்த அட்டை, வருஷம் முழுக்க வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் கடைப் பெயரோடு தொங்குகிறது. ராகுகாலம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் அந்தப் பெயரில் படுகிறது. எந்தக் கையேட்டுக்கும் வாய்க்காத நெருக்கம் அது.

கையேட்டுக்குப் புதிய உயிர் கொடுத்தது டெலிபோன். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வெளியான முதல் பட்டியல் ஒரே ஒரு தாள். தொழில்வாரியாகப் பிரித்த மஞ்சள் பக்கத்தை 1886இல் சிகாகோவின் ரூபன் டோனெல்லி ஒரு தொழிலாகவே ஆக்கினார். இந்தியாவில் அந்தப் பொற்காலம் மிகச் சிறியது, எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த 1980களின் பிற்பகுதியிலிருந்து செல்போன் பரவும்வரை, அவ்வளவுதான். பூத்தின் மேசையில் சணல் கயிற்றால் கட்டிய டைரக்டரி கிடக்கும். முனைகள் சுருண்டு, அவசரத்துக்கு யாரோ கிழித்துக்கொண்டு போன பக்கங்களோடு, ஓரங்களில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய எண்களோடு இருக்கும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு உதிரிபாகம் தேடும் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கும், வெளியூரிலிருந்து பூட்டு மொத்தமாக எடுக்க நினைக்கும் ஹார்டுவேர் கடைக்காரருக்கும் அது பயன்பட்டது. தேடியவர் அந்நியர், தேடிய சரக்கு அன்றாடம் வாங்காதது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மஞ்சள் பக்கம் பணம் ஈட்டிக் கொடுத்தது.

அந்தத் தொழிலின் மதிப்பு எவ்வளவு என்பதை ஒரு நீதிமன்ற வழக்கு காட்டியது. மும்பை, டெல்லி டெலிபோன்களை நடத்திய எம்.டி.என்.எல்., 1987 முதல் டைரக்டரி அச்சிடும் பொறுப்பை ஒப்பந்ததாரர்களிடம் விட்டது. விளம்பரம் வாங்கி மஞ்சள் பக்கம் சேர்த்துச் செலவை ஈடுகட்டிக்கொள்ள அவர்களுக்கு உரிமை கொடுத்தது. இதற்கிடையே டாடா பிரஸ் தனியாக ஒரு மஞ்சள் பக்கத் தொகுப்பை வெளியிட்டது. டெலிபோன் பட்டியல் வெளியிட 1951ஆம் ஆண்டுத் தந்தி விதிகளின்படி அனுமதி வேண்டும் என்று எம்.டி.என்.எல். வழக்குப் போட்டது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அதற்கே வெற்றி. 1995 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வியாபாரிகள் காசு கொடுத்துப் போடும் விளம்பரத் தொகுப்பு, சந்தாதாரர் பட்டியல் ஆகாது என்றது. அதைவிட முக்கியமாக, வணிக விளம்பரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றும், அந்தத் தகவலைப் பெறுவது பொதுமக்களின் உரிமை என்றும் சொன்னது. இந்திய விளம்பரச் சட்டத்தின் அடித்தளக் கல்லாக இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, ஒரு மஞ்சள் பக்கப் புத்தகத்திலிருந்து பிறந்தது என்பது இந்தத் துறைக்குப் பெருமை.

ஆனால் வெற்றி வந்த நேரம் விசித்திரமானது. அதே 1995இல்தான் இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே, மஞ்சள் பக்க நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த வி.எஸ்.எஸ். மணி மும்பையில் ஜஸ்ட் டயலைத் தொடங்கினார். புத்தகத்தைப் புரட்டுவதற்குப் பதில் ஒரு எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டால் போதும் என்ற ஏற்பாடு அது. பிறகு 2000களின் தொடக்கத்தில் அரசு லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ‘2’ சேர்க்கப்பட்டது. கடைக்காரர் காசு கொடுத்து அச்சிட்ட எண், மறுபதிப்பு வரும்வரை தவறான எண்ணாகவே கிடந்தது. அச்சுக் கையேட்டின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறைதான் அதைத் திருத்த முடியும். பிரிட்டனில் 1966இல் பிரைட்டனில் பிறந்த மஞ்சள் பக்கத்தை, 2019 ஜனவரியில் அதே பிரைட்டனில் கடைசிப் பிரதியை விநியோகித்து யெல் நிறுவனம் முடித்துவைத்தது. ஜஸ்ட் டயல் 2021இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குப் போனது.

இன்று ஏஜென்ட் நீட்டும் கையேட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செய்தித்தாள், வார இதழ்களின் விற்பனையைத் தணிக்கை செய்ய 1948 முதல் ஏ.பி.சி. என்ற அமைப்பு இருக்கிறது. வணிகக் கையேட்டுக்கு அப்படி வழக்கமான தணிக்கை கிடையாது. எத்தனை பிரதி அச்சானது, எத்தனை யார் கைக்குப் போனது என்பதற்கு ஏஜென்ட்டின் வார்த்தைதான் சாட்சி. அத்தனை பிரதிகளும் விளம்பரம் கொடுத்தவர்களின் மேசைக்கே போய்ச் சேர்ந்தால், கடைக்காரர்கள் ஒருவர் விளம்பரத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒரு பேச்சுக்கு, கால்பக்கம் 6,000 ரூபாய், ஒரு பூட்டில் 60 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால், கையேட்டைப் பார்த்து வந்தவர்கள் மட்டுமே 100 பூட்டு வாங்கினால்தான் போட்ட முதல் மீளும். சில்லறை வியாபாரத்தில் அது நடக்காத காரியம். ஒரே மொத்த வியாபாரி 20 டஜன் பூட்டு கேட்டு எழுதினால் நடக்கும். ஆகவே கேள்வி விளம்பரத்தின் அளவைப் பற்றியது ஆகாது. புத்தகம் யார் மேசையில் இருக்கிறது என்பதைப் பற்றியது.

அச்சு முழுவதும் செத்துவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. டொரோண்டோவில் குடியேறிய தமிழர்களுக்காக வந்த வணிகக் கையேடுகள் தமிழ் மளிகைக் கடை வாசலில் இலவசமாகக் கிடைத்து, வீடுகளில் பத்திரமாக இருந்தன. தமிழ் பேசும் வக்கீலும் பல் டாக்டரும் தேவைப்பட்ட புதிய ஊர்க்காரர்களுக்கு அது கைவிளக்கு. நம்மூரில் வர்த்தகர் சங்க உறுப்பினர் கையேடும், குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சிறு புத்தகமும் இந்த வகையில் சேரும். பிளம்பர், எலக்ட்ரீசியன், ஆம்புலன்ஸ் எண்ணுக்காக வயதானவர்கள் அதை டெலிபோன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். கோயில் திருவிழா மலரில் கொடுக்கும் பக்கம் வேறு கணக்கு. அது ஊர் மரியாதைக்குச் செய்யும் செலவு. அதை விளம்பரக் கணக்கில் எழுதினால் இரண்டு கணக்கும் கெடும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அலிகார் பூட்டின் விலையோடு மல்லுக்கட்டும் கைப்பட்டறைக்குப் பக்கத்துத் தெருக்காரர் மட்டும் வாடிக்கையாளராக இருந்தால் போதாது. கோயில் நிர்வாகமும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவரும் வெளிமாநிலக் கடைக்காரரும் வந்தாக வேண்டும். அவர்களுக்காகப் பட்டறைகள் கூடி, பூட்டு வகை, படம், எடை, லீவர் எண்ணிக்கை, செய்து தர ஆகும் நாள் எல்லாம் போட்டு ஒரு மெல்லிய தொழிற்கையேடு அச்சிட்டால், அதில் போடும் காசு வீண் போகாது. பொதுக் கையேட்டின் கால்பக்கத்தைவிட அதில் நாலு வரி மேல்.

மற்றபடி சிறு கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, கூகுள் மேப்பில் கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாகப் பதிவதும், எண் மாறினால் அன்றைக்கே திருத்துவதும். அதற்குக் காசு இல்லை. அதன் பிறகும் அச்சில் போட மனம் இருந்தால், போன வருஷப் புத்தகத்தைக் கையில் வாங்கி, அதில் விளம்பரம் கொடுத்த மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, அதைப் பார்த்து யாராவது வந்தார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.