குளிப்பவனும் பார்ப்பவனும்

தமிழில் கடலடியைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி கரையில் நின்று எழுதப்பட்டது. முத்து இருக்கிறது. பல்லுக்கும் பனித்துளிக்கும் வியர்வைக்கும் உவமையாக இரண்டாயிரம் வருஷமாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதை எடுத்து வந்தவனின் காதில் நீர் அழுத்திய அழுத்தம் இல்லை. சுறாவை விலக்கி மூழ்கி வலம்புரிச் சங்கோடு வந்த பரதவரைக் கொற்கைத் துறை ஆரவாரித்து எதிர்கொண்டதை அகநானூற்றுப் பாட்டொன்று சொல்கிறது. மூழ்கியவன் மேலே வந்த பிறகுதான் அந்தக் கவிதைக்குள் வருகிறான். கீழே இருந்த ஒரு நிமிஷம் வெற்றிடம்.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கடலடியைப் பார்க்க ஒரு வசதி வேண்டும். மனிதன் தன் மூச்சைத் தானே சுமந்துகொண்டு கீழே போய்ச் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது 1943-ல் கூஸ்தோவும் கான்யானும் ஆக்வாலங் கருவியை உருவாக்கிய பிறகுதான். அந்தக் கருவி உலகமெங்கும் பரவியது முக்கியமாக விடுமுறையின் கருவியாக. குளிப்பவனுக்குப் பார்க்க நேரமில்லை. பார்ப்பவனுக்குக் குளித்தே ஆகவேண்டிய அவசியமில்லை. இந்த இருவரின் சரித்திரமும் ஒரே கடலில், ஒரே பருவத்தில், ஒன்றையொன்று தொடாமல் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு விஷயமாகப் படுகிறது.

ஒரே பருவம் என்றதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அஸ்தம்பட்டிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. இங்கே விடுமுறை என்றால் மேலே ஏற்காடு என்றிருந்த தலைமுறை ஒன்று உண்டு. இப்போது வங்கி ஊழியர்கள் நான்கு வருஷக் கணக்கில் வரும் எல்.எஃப்.சி.யில் அந்தமானுக்குப் போகிறார்கள், பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். போய்வந்த சக ஊழியர்கள் செல்போனில் காட்டுவது ஒரே படம். நீச்சலே தெரியாத மனிதர் முகமூடிக்குள் கண்கள் விரிய மிதக்கிறார். பின்னாலிருந்து ஒரு கை அவருடைய சிலிண்டரைப் பிடித்திருக்கிறது. 'குளிர்கால ஸ்கூபா விடுமுறை' என்று விளம்பரம் போடுகிறார்கள். சேலத்துக்காரர் எந்தக் குளிரிலிருந்து தப்பிப் போகிறார் என்று கேட்டால் பதில் இல்லை. அது ஐரோப்பியனின் குளிர். அவன் ஊரில் பனி கொட்டும் மாதங்களும், இந்துமாக்கடலின் வடபகுதியில் மழை ஓய்ந்து நீர் தெளியும் மாதங்களும் தற்செயலாகச் சேர்ந்துகொண்டன. மாலத்தீவின் டிசம்பர்-ஏப்ரல் சீசன் இந்தத் தற்செயலின் மேல் கட்டப்பட்டது.

ஆனால் வாடை தணிந்து, கச்சான் வலுக்கும் முன் கிடைக்கிற அந்த அமைதிக்கு முந்தைய சொந்தக்காரர்கள் உண்டு. இலங்கையின் அரிப்புக் கரையில் முத்துக்குளிப்பு பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பக்கத்துக் குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சொல்வது ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுவரை. கடல் தெளிகிற காலம்தான் முதலாளிக்கும் உல்லாசிக்கும் தேவை. கலங்கிய நீரில் சிப்பியும் தெரியாது, வண்ணமீனும் தெரியாது.

'குளி' என்ற சொல்லே இந்தச் சரித்திரத்தைச் சொல்லும். அதன் பழைய பொருள் மூழ்குவது. முத்துக்குளித்துறை, சங்குகுளித்தல், குளியாள் என்று கடற்கரையில் அது இன்னும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. உள்நாட்டில் நாம் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோய்விட்டோம்.

மூழ்கியவர்கள் யார்? 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' எழுதிய பெயர் தெரியாத கிரேக்கன், கி.பி. முதல் நூற்றாண்டில், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுத்ததாகக் குறித்திருக்கிறான். எங்கள் அஸ்தம்பட்டியில் மத்தியச் சிறை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த வரி ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அந்தமானுக்கு ஸ்கூபா போகிறவர்களும் முதலில் இறங்குவது 1906-ல் கட்டிமுடித்த செல்லுலர் சிறை இருக்கும் போர்ட் பிளேரில்தான். (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், சிறை அங்கேயேதான் நிற்கிறது.) பின்னால் பரவர்களும், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகளும் குளித்தார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரன் ஒருவன் இருந்தான். கடல்கட்டி என்று பெயர். மார்க்கோ போலோ காலத்தில் அவன் பங்கு இருபதில் ஒன்று, அரசன் பங்கு பத்தில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் பிரிட்டிஷ் அரசு பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. கடல்கட்டியைக்கூட அது ஒழிக்கவில்லை. அவன் இல்லாமல் யாரும் தண்ணீரில் கால்வைக்க மாட்டார்கள் என்று கணக்குத் தெரிந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

வேலையின் முறை எளிமையானது, கொடூரமானது. கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து ஐந்திலிருந்து பத்துப் பாகம் வரை இறங்குவது. மூச்சு நிற்கும் ஒரு நிமிஷத்தில், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக, எட்டின சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவது. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தால் படகிலிருப்பவன் தூக்குவது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். இப்படி ஒரு நாளில் பல தடவை. குளியாளின் ஞானம் முழுவதும் மூச்சை அடக்குவதில் இருந்தது. ஸ்கூபா பயிற்சியில் சொல்லித்தரும் முதல் விதி இதற்கு நேர்மாறானது: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே. அழுத்தத்தோடு வாங்கின காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அவன் கூலிக்கு அடக்கிய மூச்சை இவன் பணம் கொடுத்து விடுகிறான். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை; உடற்கூறு அப்படி.

அரிப்பில் கவர்னர் ஃபிரடெரிக் நார்த் டோரிக் பாணியில் ஒரு மாளிகை கட்டினார், முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே பார்ப்பதற்கென்று மாடி இருந்திருக்கிறது. 1863-ல் பாரிஸில் பிஸேயின் இசைநாடகம் 'முத்துக்குளிப்பவர்கள்' மேடையேறிற்று. களம் முதலில் மெக்ஸிகோ. பிறகு இலங்கை என்று மாற்றினார்கள். எந்தக் கடலானாலும் நடுவே ஒரு காதல் முக்கோணம்தான். வேறு பேச்சு வேண்டியதில்லை.

லியோனார்ட் வுல்ஃப் விஷயம் அப்படித் தள்ளக்கூடியதல்ல. வர்ஜீனியாவின் கணவர் என்று மட்டும் அவரைத் தெரிந்துவைத்திருப்பது நம் ஆங்கில வகுப்புகளின் கோளாறு. 1906-ல், இருபத்தைந்து வயதில், மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் அவர் சிவில் அதிகாரி. கொட்டு எனப்படும் வேலியடைப்பில் ஒவ்வொரு குளியாளும் சிப்பியை மூன்று குவியலாக்க, அதில் இரண்டை அரசுக்கென்று தேர்ந்தெடுப்பது அவர் வேலை. சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். முகாம் முழுக்க அழுகல், ஈ, நாற்றம். இந்த அனுபவத்திலிருந்து 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை எழுதினார். 1921-ல் ஹோகார்த் பிரஸ் வெளியிட்ட தொகுப்பில் வந்தது.

கதை தொடங்குமிடம் கவனிக்கத்தக்கது: இங்கிலாந்தின் கடற்கரை உல்லாச ஊரில் ஒரு ஓட்டல். அங்கே பங்குத் தரகனும் பாதிரியாரும் கீழ்த்திசையை எப்படி ஆளவேண்டும் என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பணியாற்றிய ஒருவர் இந்தக் கதையைச் சொல்கிறார். முகாமில் குடிவெறி முற்றிய ஒரு வெள்ளையன் தன் பழைய கொடுமைகளைப் பிதற்றியபடி சாகிறான். அதே இரவில் கடலில் செத்த ஒரு அரபுக் குளியாளின் உடல் கரைக்கு வருகிறது. அதன்முன் அவன் ஆட்கள் கொள்ளும் துக்கத்தின் கண்ணியம் வெள்ளையனின் சாவுக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. ஓட்டலுக்கும் முகாமுக்குமான இந்த இணைப்பு சாதாரணக் காரியமில்லை. உல்லாசமும் உழைப்பும் ஒரே கடலின் இரண்டு கரைகள் என்று ஆங்கிலத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியாது. ஆனாலும், கவனியுங்கள், இங்கும் குளியாள் பிணமாகி மேலே வந்த பிறகுதான் கதைக்குள் வருகிறான். அகநானூற்றில் ஆரவாரம், வுல்ஃபிடம் ஒப்பாரி. கீழே நடந்தது இரண்டிலும் இல்லை. வுல்ஃப் நேர்மையானவர், பார்க்காததைப் பார்த்ததாக எழுதவில்லை.

பார்த்தது அடுத்த தலைமுறை. கூஸ்தோவின் 'மௌன உலகம்' படம் 1956-ல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கிற்று. அந்தப் பார்வை கள்ளமற்றது என்று சொல்ல வரவில்லை. மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதையும் அந்தப் படமே காட்டுகிறது. அதே 1956-ல் ஆர்தர் கிளார்க் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். விஞ்ஞானக் கதைக்காரர். விண்வெளியின் எடையின்மைக்குப் பூமியில் மிக அருகில் இருப்பது நீருக்கடியில்தான் என்று நம்பியவர். கூட வந்தவர் மைக் வில்சன். இருவருக்கும் குளித்துத்தான் பிழைக்கவேண்டும் என்றில்லை. எழுதவும் படமெடுக்கவும்தான் கடலுக்குள் போனார்கள்.

இங்கேதான் என் ஒருபக்கச் சாய்வு தடுமாறுகிறது. திருகோணமலையில் கோணேஸ்வரர் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622-ல் இடித்தார்கள். கல்லெடுத்துக் கோட்டை கட்டினார்கள். சுவாமிமலைப் பாறையின் அடியில், கடலுக்குள், தூண்களும் செதுக்கிய கற்களும் முந்நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தன. 1956-ல் வில்சன் அங்கே மூழ்கி லிங்கத்தைக் கண்டெடுத்தார். அது மீண்டும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வில்சன் பின்னாளில் சுவாமி சிவகல்கி என்று பெயர் கொண்டு துறவியானது வேறு கதை. அதில் எனக்குச் சிரத்தை இல்லை. என் சிரத்தை இதில்: தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசியவர்கள் குளித்த கடல் இது. சிப்பி இல்லாத இடத்தில், சங்கு இல்லாத இடத்தில் யார் குளிப்பார்கள்? மூச்சுக்கு விலை இருந்தது. ஒரு நிமிஷ மூச்சைச் சும்மா பார்ப்பதற்குச் செலவிட எந்தக் குளியாளுக்கும் கட்டுபடியாகாது. நம் பாட்டுகளில் உயிரோடிருந்த கோயிலின் கல்லைக் காண, பிழைப்பு நெருக்காத ஒருவன் வேண்டியிருந்தான். சோம்பலுக்கும் கலைக்கும் உள்ள பழைய உறவு இங்கே ஸ்தூலமாக நிற்கிறது. நமக்கு அது பிடிக்காமல் போகலாம்.

பிறகு நடந்ததில் அந்தச் சோம்பல் தொழிலாயிற்று. 1972-ல் மாலத்தீவின் முதல் உல்லாச விடுதி திறந்தது, பெயர் குரும்பா. திவெஹி மொழியில் இளநீர்க்காய், நம்முடைய குரும்பைதான். முதலில் வந்தவர்கள் இத்தாலியர்கள். ஒரு தீவுக்கு ஒரு விடுதி, ஊர்மக்கள் வேறு தீவில் என்பது வெகுநாள் ஏற்பாடு. குடிமக்கள் வாழும் தீவுகளில் விடுதிகள் வந்தது 2009-க்குப் பிறகுதான். லட்சத்தீவுகளில் ஆளற்ற பங்காரம் தீவு இப்படித்தான் விடுமுறைக்கென்று ஒதுக்கப்பட்டது. 1987 டிசம்பர் கடைசியில் ராஜீவ் காந்தி குடும்பத்தோடும் நண்பர்களோடும் அங்கே போனதைப் பத்திரிகைகள் விடவில்லை. 2024 ஜனவரியில் நரேந்திர மோடி லட்சத்தீவுக் கடலில் முகமூடியோடு மிதந்த படங்கள் வந்தபோது, மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் ஏளனமாகப் பேசிப் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். இந்தியர்கள் அந்தத் தீவுகளைப் பகிஷ்கரிக்கக் கிளம்பினார்கள். கடலடி அரசியல் மேடையின் திரைச்சீலையாகிவிட்டது. வில்சனின் பார்வையில் இருந்த ஆச்சரியம் இதில் இருக்கிறதா என்று என் சக ஊழியரின் படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. அவர் கண்கள் விரிந்திருந்தன என்று முதலிலேயே சொன்னேன்.

நம் நாவல்களுக்கு வருகிறேன். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது; கரையின் மனம் அதில் பதிவாகியிருக்கிறது. ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' இரண்டிலும் பரதவர் வாழ்வை அவர்கள் பேச்சிலேயே கொண்டுவந்தார். காற்று, நீரோட்டம், மரம், மீன் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது என்று நமக்குக் காட்டியவர் அவர். ஆனால் கீழே இறங்குகிறவனின் அந்த ஒரு நிமிஷம் பக்கங்களாக விரிந்ததை என் வாசிப்பில் நான் இன்னும் சந்திக்கவில்லை. பிரக்ஞை ஓட்டம் என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு, மாடியறையில் படுத்திருக்கும் குமாஸ்தாவின் மண்டைக்குள் நாம் அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். காலம் மூச்சால் அளக்கப்படுகிற ஒரு மனம் தூத்துக்குடியில் இருக்கிறது.

இருக்கிறது என்று நிகழ்காலத்தில்தான் சொல்லவேண்டும். நம் கரையில் முத்துக்குளிப்பு 1955-லிருந்து 1961 வரை நடந்த வரிசையோடு நின்றுவிட்டது. படுகையில் சிப்பி இல்லை. 1973-ல் தூத்துக்குடி கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். சங்குகுளிப்பு மட்டும் நிற்கவில்லை. வளையலுக்காக நம் சங்கு வங்காளத்துக்குப் போவதை ஜேம்ஸ் ஹார்னெல் 1914-லேயே ஒரு புத்தகமாக எழுதினார், இன்றும் போகிறது. சங்குகுளிப்பவர்களில் பலர் இப்போது கல் கட்டி இறங்குவதில்லை. படகில் ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது. அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கூஸ்தோவின் காற்று ஒருவழியாகக் குளியாளுக்கும் வந்து சேர்ந்தது. ஸ்கூபா விடுமுறைக்காரருக்கு ஆழமும் நேரமும் குறித்துக்கொடுத்து, மெதுவாக மேலே ஏற்ற ஒரு பயிற்சியாளர் கூடவே வருகிறார். கம்ப்ரஸரில் இறங்கியவருக்குப் பல மணி நேரம் கீழே வேலை. நிதானிக்காமல் ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைத் தாக்கும், சிலரை முடக்கும், சிலரைக் கொல்லும். குழாய் மடங்கினாலோ எஞ்சின் நின்றாலோ அவரிடம் மிஞ்சுவது பழைய ஒரு நிமிஷம்தான்.