கருங்கல்லின் பிறப்பு

தமிழகத்திலிருந்து புணே நகருக்கு வரும் நாம், ஜங்லி மகராஜ் சாலையிலுள்ள பாதாளேசுவரர் குடைவரையைக் கண்டதும், 'தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்தானே இதுவும்!' என்று எண்ணிவிடுகிறோம். பெயர் ஒன்றே, பிறப்போ வேறு. இந்த வேற்றுமையை அறிய அறிஞர் உலகம் நெடுங்காலம் வாதிட வேண்டியிருந்தது.

பாறைகள் தோன்றும் வழி மூன்று. உருகிய குழம்பு ஆறி இறுகினால் அனற்பாறை; மணலும் வண்டலும் படிந்து இறுகினால் படிவுப் பாறை; இவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் திரிந்தால் உருமாறிய பாறை. தஞ்சைக் கல் நிலத்தின் ஆழத்தில் மெல்ல உருவானது. ஆதலின் அதன் பருமணிகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். புணேயின் கல்லாகிய பசால்ட், நிலத்தின்மேல் வழிந்தோடி விரைவில் ஆறியது. அதன் மணிகள் மிக நுண்ணியவை.

பசால்ட் நெருப்பில் பிறந்தது என்பதைப் பலர் ஏற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் கற்பித்த வெர்னர், அது ஆதிக்கடலில் படிந்ததே என்றார். அடுக்கடுக்காய்க் கிடக்கும் கல்லைப் பார்ப்பவருக்கு அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், பிரான்சின் ஓவெர்ன் மலைகளில் பசால்ட் தூண்கள் எரிமலைக் குழம்போடு தொடர்ந்திருப்பதை 1763-இலேயே தெமாரே கண்டிருந்தார். பூமியின் உள்வெப்பமே பாறைகளை ஆக்குகிறது என்று ஸ்காட்லாந்தின் ஹட்டன் 1785-இல் எடுத்துரைத்தார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால், பசால்ட்டை உலையில் உருக்கி, மெல்ல ஆறவிட்டு, மீண்டும் கல்லாக்கிக் காட்டினார். வழக்கு நெருப்பின் பக்கம் தீர்ந்தது.

ஆனால் புணேயைச் சுற்றி எரிமலைக் கூம்பு எதுவும் காணோமே என்று நாம் கேட்கலாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் நீண்ட பிளவுகள் வழியே குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கிப் பரந்தது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது கல்லாய்க் கிடக்கிறது. மலைச்சரிவுகள் படிக்கட்டுகள்போல் தோன்றுவதால், படியைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து 'தக்காண டிராப்' என்னும் பெயர் எழுந்தது. தஞ்சைக் கல்லோ இதனினும் பன்மடங்கு முதியது.

இராட்டிரகூடர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், இக்கல்லைக் குடைந்த சிற்பிகள் இவ்வரலாற்றை அறியார். ஆயினும் கல்லின் இயல்பறிந்து, வட்ட வடிவான நந்தி மண்டபத்தையும் அதே பாறையில் செதுக்கினர். பணி முற்றுப்பெறவில்லை, தொடங்கிய உளியின் சுவடு எஞ்சியுள்ளது. அதே நகரின் வேதாள் குன்றிலோ, கல் வெட்டிய பெரும் பள்ளத்தைக் காண்கிறோம். வீடு கட்டக் கல் வேண்டும், மறுப்பாரில்லை. எனினும் குழம்பு ஓடி ஆறிய அடுக்கு ஒவ்வொன்றும் பூமி எழுதிய ஓர் ஏடு. அதை உடைக்குமுன் ஒருமுறையேனும் படித்தறிவது நம் கடன்.