புரவுவரித் திணைக்களம்

சோழப் பேரரசின் நிலவரிக் கணக்கைப் பேணிய அரசு அலுவலகம். அரசனின் ஆணையை ஓலையில் எழுதி, பல ஊர்கள் சேர்ந்த நாடு என்ற பிரிவின் தலைமக்களான நாட்டாருக்கு அனுப்பும் வழக்கம் பல்லவர் செப்பேடுகளிலேயே உண்டு. அதைப் பல படிகள் கொண்ட அலுவல் முறையாக வளர்த்தவர்கள் சோழர்கள். முதலாம் இராசராசன் (985–1014) நடத்திய நில அளவையே அதற்கு அடித்தளம். வேலி என்ற நில அளவில் 320இல் ஒரு பங்கு முந்திரி. அதை மேலும் 320ஆகப் பகுத்த கீழ்முந்திரியும் கணக்கில் ஏறியது.

இந்த அலுவலகம் இயங்கிய விதத்தை ஆனைமங்கலம் செப்பேடுகளைப் போல விளக்கமாகக் காட்டும் ஆவணங்கள் மிகச் சிலவே. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தான். அவன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுத, திருமந்திர ஓலை நாயகத்தார் சரிபார்த்து ஒப்பினர். பிறகு வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை என்று பல பொறுப்பினர் கூடியிருக்க, கொடை வரிக்கணக்கில் பதிவாயிற்று. நிலம் சுமார் 97 வேலி. அதன் காணிக்கடன், அதாவது நிலவரி, 8,943 கலம், இருதூணி, குறுணி, ஒரு நாழி நெல். ஒரு நாழியைக்கூட விட்டுவிடாத இந்தக் கணக்கு வியக்கத்தக்கது.

தலைநகர் தஞ்சையில் எழுதியதால் மட்டும் ஆணை நிறைவேறிவிடவில்லை. அரசாணை ஓலையான திருமுகம் வந்ததும் நாட்டார் எதிர்சென்று தொழுது, வாங்கித் தலைமேல் வைத்தனர். பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுத்தனர். ஊரெல்லையை அறிந்தவர்கள் அவர்களே.

சோழ அரசின் மைய அதிகாரம் மேலோட்டமானது என்று பர்ட்டன் ஸ்டைன் 1980இல் எழுதினார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அலுவலர் பட்டங்களையும் வரிப்பெயர்களையும் எண்ணிப் பார்த்து அதை மறுத்தனர். செப்பேட்டில் வரும் அலுவலர் வரிசையைப் பார்த்தால் இவர்கள் பக்கமே வலுவாக இருக்கிறது. ஆனால் நாட்டாரின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்த அதிகாரம் வயல்வரை எட்டியிருக்காது.

முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086இல், நிலம் மறுபடியும் அளக்கப்பட்டது. அவனுக்குப் பின் காடவராயர், சம்புவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் வலுப்பெற்று, வரி உரிமைகளைத் தம் கைக்குக் கொண்டுவந்தனர். மையத்தின் பிடி தளர்ந்தது. புரவுவரித் திணைக்களத்தாரின் பெயர் மட்டும் பாண்டியர் கல்வெட்டுகளிலும் தொடர்கிறது.